மேகத்தின் நடுவே என்ன நடக்கிறது என்று கேட்டவர்

செயற்கைக்கோளில் பொருத்திய ராடார் அனுப்பும் மழைத்தரவுகளை ஆராய்வது என் தொழில். ஒரு சூறாவளியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கணினித் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, அதன் கண் சுவரில், அதாவது நடுவில் உள்ள கண்ணைச் சூழ்ந்து நிற்கும் மேக வளையத்தில், எங்கேனும் ஒரு மேகம் மட்டும் அண்டை மேகங்களை மீறி 15 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறதா என்று தேடுவது எனக்குப் பழகிப்போன வேலை. அப்படி எழுந்து நிற்கும் மேகத்தை எங்கள் துறையில் வெப்பக் கோபுரம் என்பார்கள். அந்தக் கருத்தை 1958-இல் முன்வைத்த இருவரில் ஒருவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அதைக் கண்ணுக்குக் காட்டிய செயற்கைக்கோளுக்கும் தலைமை அறிவியலராக இருந்தார் என்பதை, இத்துறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகே நான் அறிந்தேன். அவர் ஜோஆன் சிம்ப்சன். அவருடைய பணிவாழ்வைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் என்னிடம் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக மழையை ஆராய வருகிற இளையவர்களில் பலர் தரவிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அவர் கேள்வியிலிருந்து தொடங்கினார். தரவு தன்னிடம் வந்து சேரும்வரை அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை.

அவர் 1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை வானூர்திகளைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர். பாய்மரப் படகு ஓட்டவும் விமானம் ஓட்டவும் பதின்பருவத்திலேயே கற்றுக்கொண்ட ஒருவருக்குக் காற்றும் மேகமும் பாடப்புத்தகத்தில் வரும் சொற்களாக மட்டும் இருந்திருக்க முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்த காலத்தில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. படைகளுக்கு வானிலை அறிந்தவர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். கார்ல்-குஸ்தாஃப் ரோஸ்பி என்ற பெரும் வானிலையியலர் அங்கே நடத்திய பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து தேறிய அவர், விமானப் படையில் பயிற்சி பெற வந்தவர்களுக்கு வானிலையியல் கற்பித்தார். போர் முடிந்ததும், அப்படிக் கற்பித்த பெண்கள் வீடு திரும்பிவிடுவார்கள் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ முனைவர் பட்டத்துக்குப் படிக்க விரும்பினார். எந்தப் பெண்ணும் வானிலையியலில் அந்தப் பட்டம் பெற்றதில்லை, இனிப் பெறப்போவதும் இல்லை, பெற்றாலும் வேலை தருவார் யாருமில்லை என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. 1949-இல் அவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் மேகம். இன்று இதைக் கேட்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. ஆனால் அந்நாளில் வானிலையியலின் மையம் வேறிடத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த காற்றழுத்த மண்டலங்களும் உயர்வெளிக் காற்றின் பெரிய அலைகளும்தான் பெரியவர்களின் ஆய்வுப்பொருள். மேகம் என்பது அவற்றின் விளைவாக வானில் தோன்றி மறையும் ஒன்று, அவ்வளவே. மேகங்களை ஆராயப்போவதாக அவர் சொன்னபோது, அது அவ்வளவு முக்கியமில்லாத, அதிகம் பேர் நாடாத பொருள் என்பதால் ஒரு சிறு பெண்ணுக்கு ஏற்றதுதான் என்ற பொருள்பட ரோஸ்பி கூறியதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹெர்பர்ட் ரீல் என்பவர் மட்டும் அன்று வெப்பமண்டல வானிலையை முதன்மையாக எடுத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய வகுப்புகளில்தான் சிம்ப்சனுக்குத் தன் வழி தெளிவானது.

1951 முதல் அவர் மாசசூசெட்ஸில் உள்ள உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். போரில் பயன்பட்ட கடற்படை விமானம் ஒன்றில் கருவிகளைப் பொருத்தி, வெப்பமண்டலக் கடலின் மேல் திரளும் மேகங்களுக்குள் நுழைந்து வெப்பநிலை, ஈரப்பதம், மேலெழும் காற்றின் வேகம் ஆகியவற்றை அளப்பது அங்கு நடந்த ஆய்வு. பெண்கள் இத்தகைய களப்பயணங்களில் செல்ல அப்போது தடை இருந்தது. அந்தத் தடையைத் தாண்டித்தான் அவர் பறந்தார். தரையில் இருந்த நேரத்தில் ஒரு மேகம் எப்படி வளர்கிறது, சுற்றியுள்ள உலர்ந்த காற்றை எவ்வளவு உள்ளிழுத்துக்கொள்கிறது, எந்த உயரத்தில் அதன் மிதப்பாற்றல் தீர்ந்துபோகிறது என்பவற்றைச் சமன்பாடுகளாக எழுதி, ஸ்லைடு ரூல் என்னும் கணக்கிடும் அளவுகோலைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டார். பிறகு லண்டனில் ஓராண்டு தங்கியபோது அதே கணக்கைக் கணினியில் ஏற்றினார். இன்று வானிலை முன்கணிப்பின் முதுகெலும்பாக இருக்கும் மேக மாதிரிகளின் மூதாதைகளில் ஒன்று அது.

இனி வெப்பக் கோபுரத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னாளில் செயற்கைக்கோள் எதைத் தேடிப் போனது என்பது இந்த இடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

வெப்பமண்டலக் கடல்கள் பெறும் சூரிய ஆற்றலில் பெரும்பங்கு நீரை ஆவியாக்கச் செலவாகிறது. அந்த ஆவி மேகத்தில் மீண்டும் நீராகும்போது, ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. இந்த ஆற்றல் மேல் வளிமண்டலத்தை அடைந்து அங்கிருந்து துருவங்களின் பக்கம் பரவுவதால்தான், சூரியன் கொடுக்கும் வெப்பத்தை விடக் கூடுதலாக விண்வெளிக்கு இழக்கும் உயர் அட்சங்கள் உறைந்துபோகாமல் இருக்கின்றன. பூமத்தியரேகைக்கு அருகில் சூடான காற்று எழுகிறது என்று பள்ளியில் ஒரே வரியில் படித்துவிடுகிறோம். ரீலும் சிம்ப்சனும் அந்த ஒரு வரியை நம்பிவிடாமல், பூமத்தியரேகையை ஒட்டிய தாழ்வழுத்தப் பட்டையில் ஒவ்வோர் உயரத்திலும் காற்றுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். வெப்பம், ஈரம், உயரத்தால் வரும் நிலையாற்றல் மூன்றையும் கூட்டிய அந்தத் தொகை, கடல்மட்டத்தின் அருகே அதிகமாகவும், நடு உயரத்தில் குறைந்தும், மேலே மறுபடி கூடியும் இருந்தது. காற்று முழுவதும் சீராக மெல்ல மெல்ல மேலேறுவதாக இருந்தால், மேலடுக்குக்குப் போய்ச் சேருவது நடுவில் உள்ள ஆற்றல் குறைந்த காற்றாகவே இருக்கும். அதனால் மேலடுக்கின் ஆற்றலை ஈடுசெய்ய முடியாது. ஆகவே கீழ்க்காற்று நடு அடுக்கோடு கலந்து தேய்ந்துபோகாமல், உயரமான இடிமேகங்களின் மையப்பகுதி வழியே நேரே உச்சிக்குச் சென்றே ஆக வேண்டும். இதற்கு மேகங்கள் வானத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பூமியைச் சுற்றியுள்ள அந்தப் பட்டை முழுவதிலும் ஒரு நேரத்தில் 1,500 முதல் 5,000 கோபுரங்கள் இயங்கினால் போதும் என்பது அவர்கள் கண்ட விடை. இரண்டாண்டுகள் கழித்து இதே கருத்தைச் சூறாவளிகளின் உள்ளமைப்புக்கும் அவர்கள் விரித்தார்கள்.

இந்த வாதத்தை முதன்முதலில் முழுமையாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை மதிப்பு என்ற சொல்லால் மட்டுமே குறிக்க முடியும். அவர்கள் கையில் இருந்தவை சில வானிலை பலூன்களின் அளவீடுகள், விமானத்தில் எடுத்த குறிப்புகள், ஆற்றல் அழியாது என்ற விதி. இவற்றைக் கொண்டு, உலகின் காற்றோட்டத்தையே சில ஆயிரம் மேகங்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். அவை உண்மையில் எத்தனை, எங்கே, எவ்வளவு உயரம் என்று போய்ப் பார்க்க அன்று வழி இல்லை. விமானம் ஒரு நாளில் சில மேகங்களுக்குள் நுழையலாம். கடலின் நடுவே ராடார் நிலையம் கிடையாது.

அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளை நான் சுருக்கமாகக் கடக்கிறேன். கலிஃபோர்னியாவில் பேராசிரியப் பணி, அதன்பின் ஃபுளோரிடாவில் அரசின் ஆய்வுக்கூடத் தலைமை, மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவி மழையைப் பெருக்க முடியுமா என்ற சோதனைகள், பிறகு வர்ஜீனியாவில் பேராசிரியப் பணி. தூவப்பட்ட தனி மேகங்கள் உயர வளர்ந்தன. ஆனால் பரந்த நிலப்பரப்பில் மழை கூடியது என்பதை ஐயமற நிறுவ முடியவில்லை. ஒரே நாளில் ஒரே வானத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு மேகங்கள் பொழியும் மழை இயல்பாகவே பல மடங்கு வேறுபடும். அந்த வேறுபாட்டின் நடுவே மனிதன் செய்த மாற்றத்தைப் பிரித்தறிவது மிகக் கடினம். இந்தக் காலத்தை அவருடைய வாழ்வின் வழிவிலகலாகச் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழையை அளப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் அளவுக்கு அனுபவித்து அறிந்தவர்கள், பின்னாளில் விண்ணிலிருந்து மழையை அளக்கும் திட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே வானிலைச் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. முதலாவதான டைரோஸ்-1, 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்டது. மேகங்களின் படங்கள் குவிந்தன. கடலில் உருவாகும் புயல் எதுவும் இனி எவர் கண்ணிலும் படாமல் கரையை நெருங்க முடியாது என்ற நிலை வந்தது. ஆனால் அந்தப் படங்கள் காட்டியவை மேகங்களின் மேற்பரப்பை மட்டுமே. அகச்சிவப்பில் மேக உச்சியின் வெப்பநிலையை அளந்து, அது 235 கெல்வினுக்குக் கீழே இருந்தால் அங்கே மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்ளலாம் என்றொரு எளிய விதி எண்பதுகளில் உருவாயிற்று. பரந்த பரப்பில் மாதக் கணக்கில் சராசரி எடுத்தால் அது ஓரளவு பயன் தரும். தனியொரு புயலுக்கு அது போதாது; மழை ஓய்ந்த பிறகும் உச்சியில் விரிந்து கிடக்கும் பனித்துகள் படலம், கொட்டிக்கொண்டிருக்கும் மேகத்தைப் போலவே குளிர்ந்து தெரியும்.

1979-இல் நாசாவின் காடர்ட் விண்வெளி ஆய்வு மையத்தில் கடும்புயல் பிரிவின் தலைவராகச் சேர்ந்த சிம்ப்சன், 1986-இல் வெப்பமண்டல மழை அளவீட்டுத் திட்டத்தின் அறிவியல் பொறுப்பை ஏற்றார். டிஆர்எம்எம் என்று நாங்கள் சுருக்கமாக அழைப்பது அதைத்தான். அப்போது அவருக்கு வயது 63. தம் சொந்த ஆய்வுக்குச் செலவிட வேண்டிய காலத்தைக் கூட்டங்களுக்கும் திட்ட அறிக்கைகளுக்கும் இரு நாட்டு அமைப்புகளுக்கு இடையிலான ஒப்புதல்களுக்கும் அவர் கொடுத்தார். ராடாரையும் ஏவுகலத்தையும் ஜப்பான் தந்தது. செயற்கைக்கோளையும் ஏனைய கருவிகளையும் அமெரிக்கா தந்தது. 1997 நவம்பரில் ஜப்பானின் தானேகஷிமா தளத்திலிருந்து அது ஏவப்பட்டபோது அவருக்கு வயது 74.

பாதையைத் தேர்ந்த விதத்திலேயே அந்தத் திட்டத்தின் சிந்தனை தெரியும். பெரும்பாலான புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் ஓர் இடத்தை எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்குமாறு அமைக்கப்படுகின்றன. மழைக்கு அது உதவாது. நிலத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் உச்சம் பெறுகிறது. திறந்த கடலிலோ விடியலை ஒட்டி. ஒரே நேரத்தில் மட்டும் பார்க்கும் கண், நாள் முழுவதற்குமான மழையைத் தவறாகவே மதிப்பிடும். அதனால் டிஆர்எம்எம் பூமத்தியரேகைக்கு 35 பாகைச் சாய்வில், 350 கிலோமீட்டர் என்ற தாழ்ந்த உயரத்தில், ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் நாளின் எல்லா மணிகளிலும் ஒவ்வோர் இடத்தையும் கண்டுவிடும்படி சுற்றியது.

அதன் ராடார், மழையை அளக்க விண்வெளிக்குச் சென்ற முதல் ராடார். 13.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு மழையின் செங்குத்து அமைப்பை 250 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியது. உடன் இருந்த நுண்ணலை உணரி வேறு விதமாக வேலை செய்தது. நுண்ணலையில் கடல் குளிர்ந்து தெரியும். அதன்மேல் மழைத்துளிகள் வெப்பமாகத் தெரியும். நிலமோ தானே வெப்பமாகத் தெரிவதால், அங்கே மேகத்தின் மேற்பகுதியில் உள்ள பனித்துகள்கள் கதிர்களைச் சிதறடிப்பதால் உண்டாகும் குறைவைக் கொண்டே மழையை ஊகித்தறிய வேண்டும். ராடாரின் பார்வை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுகிய பட்டை. நுண்ணலை உணரியுடையது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ராடாரைத் துணைகொண்டு நுண்ணலை அளவீட்டைத் திருத்தி, அதைக் கொண்டு மற்றச் செயற்கைக்கோள்களின் அளவீடுகளையும் திருத்தும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

என் முதலாண்டில் நான் செய்த ஒரு பிழை இந்த ராடாரின் அருமையை எனக்கு உணர்த்தியது. பரவலாக மழை பெய்த ஒரு மண்டலத்தில், சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வலுவான எதிரொலி பட்டையாக ஓடுவதைக் கண்டு, அங்கே கனமழை என்று குறித்துவிட்டேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் அந்த உயரத்தின் வெப்பநிலை என்ன என்று மட்டும் கேட்டார். பனித்துகள்கள் உருகத் தொடங்கி நீர்ப்படலம் போர்த்தியிருக்கும் நிலையில், அவை உண்மையைவிடப் பெரிய மழைத்துளிகளைப் போல ராடாருக்குத் தோன்றும். அந்தப் பட்டை இருப்பதே அங்கே சுழித்தெழும் இடிமேகம் இல்லை, பரந்து மெல்லப் பெய்யும் மழைதான் உண்டு என்பதற்கு அடையாளம். இந்த இருவகை மழையும் வளிமண்டலத்தைச் சூடாக்கும் உயரம் வேறு வேறு. பரந்த மழை மேலடுக்கில் சூடாக்கி, கீழே துளிகள் ஆவியாவதால் குளிரவைக்கிறது. இடிமேகம் அடி முதல் நுனி வரை சூடாக்குகிறது. அப்படியானால் மழையின் வகையையும் அளவையும் அறிந்தால், வெப்பம் எந்த உயரத்தில் வெளிப்பட்டது என்று திரும்பக் கணக்கிடலாம். 1958-இல் கேட்ட கேள்வியின் நேரடி அளவீடு இதுவே. சிம்ப்சனும் அவருடன் பணியாற்றிய வெய்-குவோ டாவோ முதலியோரும் மேக மாதிரிகளைக் கொண்டு அந்தக் கணக்கீட்டு முறையை உருவாக்கினார்கள்.

1998 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலில் போனி சூறாவளியை டிஆர்எம்எம் கடந்தபோது, கண்ணை ஒட்டி 18 கிலோமீட்டர் வரை உயர்ந்த ஒரு மேகத்தூண் அதன் ராடாரில் பதிவானது. அதற்குப் பின் திரண்ட பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த காடர்ட் ஆய்வாளர்கள், கண் சுவரில் 14.5 கிலோமீட்டரை எட்டும் கோபுரம் காணப்படும் புயல், அது இல்லாத புயலைவிட அடுத்த 6 மணி நேரத்தில் வலுப்பெறும் வாய்ப்பு இரு மடங்கு என்று 2004-இல் தெரிவித்தார்கள். என் அன்றாடத் தேடல் இந்த முடிவின் வழியே வந்ததுதான். மற்றொரு முடிவும் எனக்கு மிகவும் பிடித்தமானது. உலகில் மிக அதிகம் மழை பெய்யும் இடங்களும் மிகக் கடுமையான இடிமேகங்கள் எழும் இடங்களும் ஒன்றல்ல. ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே தென் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி, கடுமையில் முன்னிற்கிறது. தரையில் உள்ள மழைமானிகளால் இதைக் கண்டிருக்க முடியாது. தரவு கிடைக்கும் மழைமானிகள் அனைத்தின் வாய்ப்பரப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு என்று திட்டமிட்ட செயற்கைக்கோள் அது. எரிபொருளைச் சேமிக்க 2001-இல் அதன் உயரத்தை 402 கிலோமீட்டராக உயர்த்தினார்கள். 2004-இல், மீதமிருக்கும் எரிபொருளைக் கொண்டு அதைக் கட்டுப்பாட்டோடு கடலில் இறக்கிவிட நாசா முடிவெடுத்தபோது, ஆய்வாளர்களும் புயல் முன்கணிப்பாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். ஓராண்டுக்குள் முடிவு மாறியது. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். அடுத்து வந்த பத்தாண்டுத் தரவு இல்லாமல் வெப்பமண்டல மழையின் ஆண்டுக்காண்டு மாற்றத்தைப் பற்றி நாங்கள் பேசியிருக்கவே முடியாது. எரிபொருள் தீர்ந்து, 2015 ஏப்ரலில் கருவிகள் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் தென் இந்தியப் பெருங்கடலின் மேல் அது வளிமண்டலத்துள் விழுந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 65 பாகைச் சாய்வில், இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் ராடாரோடு ஜிபிஎம் என்ற அடுத்த செயற்கைக்கோள் பணியைத் தொடங்கியிருந்தது.

விருதுகளும் பதவிகளும் அவருக்கு நிறையவே வந்தன. அமெரிக்க வானிலையியல் கழகத்தின் உயர்ந்த பதக்கத்தை 1983-இல் பெற்ற முதல் பெண் அவர். அந்தப் பதக்கம் ரோஸ்பியின் பெயரைத் தாங்கியது. 1989-இல் அதே கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

அவருடைய கடைசிக் காலக் கட்டுரைகளில் ஒன்றைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். 2009-இல், அவருக்கு 86 வயதானபோது, இளைய ஆய்வாளர்களோடு இணைந்து எழுதியது. வெப்பக் கோபுரத்தின் மையம் சுற்றுக்காற்றோடு கலக்காமல் உச்சியை அடைகிறது என்று 1958-இல் சொன்னதை, இடைப்பட்ட ஆண்டுகளின் விமான அளவீடுகள் ஐயத்துக்கு உள்ளாக்கியிருந்தன. கலக்காத மையங்கள் மிக அரிதாகவே காணப்பட்டன. மேற்குப் பசிபிக் கடலில் அளக்கப்பட்ட ஒரு மேகவரிசையைக் கணினி மாதிரியோடு வைத்து ஆராய்ந்த அந்தக் கட்டுரை, கோபுரங்கள் கீழ்ப்பகுதியில் கணிசமாகக் கலந்து ஆற்றலை இழக்கின்றன என்று ஏற்றுக்கொள்கிறது. பிறகு உறைநிலைக்கு மேலே நீர்த்துளிகள் பனியாகும்போது வெளிப்படும் வெப்பம் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுத் தருகிறது என்றும், அதனால் அவை உச்சியை எட்டிவிடுகின்றன என்றும் காட்டுகிறது. தம் பெயரைத் தாங்கி அரை நூற்றாண்டு நின்ற கருத்தின் ஒரு பகுதியைத் தாமே திருத்தி, மீதியை இன்னும் உறுதியான காரணத்தோடு அவர் விட்டுச் சென்றார். அது வெளியான மறு ஆண்டு, 2010 மார்ச்சில், அவர் மறைந்தார். போனி சூறாவளியின் அந்தச் சுற்றுப்பாதைத் தரவு இன்றும் காப்பகத்தில் இருக்கிறது. ராடார் தரவை ஆராயப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது அதைத்தான்.